எழுவத்திநாலாவது ரேஸ்

இல்லீங்க அம்மிணி, போட மாட்டேன். அந்தத் தாளை எடுங்க மொதல்ல. கிரீஸ் படும்.

கோவமெல்லாம் இல்ல. என் மூஞ்சியே இப்படித்தான். சிலோன்ல பொறக்கறப்பவே இந்த மூஞ்சியோடதான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். தப்பா இருக்கற தாளுல கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கில்ல, அவ்வளவுதான். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆயில் கெடக்குது. இந்தப் பெட்டி மேல உக்காருங்க. தகரக் கூரை, மழைச் சத்தம் சாஸ்தியாத்தான் கேக்கும். கொஞ்சம் ஒரக்கப் பேசுங்க.

வெளங்குதுங்க. கோயமுத்தூர் கிளப்புல இருந்து வந்திருக்கீங்க. டூரிங் காரு ஓட்டினவங்களுக்கெல்லாம் ரெக்கார்டு புஸ்தகம் போடறீங்க. ஆளுக்கு ஒரு பக்கம். எத்தனை ரேஸு, எத்தனை ஜெயிச்சது, எதுல நின்னு போச்சு. ஓட்டினவன் ஒரு கையெழுத்து, டீம்ல ஒருத்தர் ஒரு கையெழுத்து. தவ்பீக்குக்கு டீமுன்னா அவனைப் பெத்த அத்தா நூர் முகமது பாய்தான். அவரு மவுத்தாகி மூணு வருசமாச்சு. மிச்சம் மெக்கானிக்கு பழனியாண்டி. அது நான். ரெண்டு தடவை சொல்லோணும்னு இல்ல.

அவன் போட்டுட்டானா?

எப்ப, காலையிலயா? ஊட்டுக்கே போனீங்களா? படிச்சுட்டுப் போட்டானா, படிக்காமயே போட்டானா?

கடைசி வரியையும் படிச்சானா?

ம்.

சரி. மேல இருந்து வாங்க. ஒவ்வொரு வரியாப் பாக்கலாம். கடைசி வரி எங்கயும் ஓடிப் போகாது.

ரெண்டாயிரத்தி ஒம்பது. மொத ரேஸு, கோயமுத்தூரு. பதினெட்டுக் காருல பதினேழாவது. இது சரி. ஏன் பதினேழாவதுன்னு உங்க புஸ்தகத்துல வராது. எழுத வேண்டாம், சும்மா கேளுங்க. இந்தக் குன்னூரு மலையில வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கோணும். எதுக்க பஸ்ஸு வருதா மாடு வருதான்னு தெரியாது. கை தானாப் போகும். ரேஸ் காருல ஏதுங்க ஹாரன்? எடை கொறையட்டும்னு நான்தான் கழட்டி வீசினேன். இவன் மொத அஞ்சு சுத்தும் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் நடுவுல கட்டைவெரலை வெச்சு அமுக்கியிருக்கான். சத்தம் வரலைன்னதும் பயந்து காலை எடுத்திருக்கான். முடிச்சு எறங்கி வந்து எங்கிட்டச் சண்டை. மேஸ்திரி, ஹாரன் வேலை செய்யலைங்கறான். போடா கிறுக்குப் பயலேன்னேன்.

சிரிங்க, சிரிங்க. பாயும் சிரிச்சாரு. அப்ப சிரிச்சோம்.

எப்படி வந்தானா? பாய்க்கு மார்க்கெட்டுல டீத்தூள் கடை. இவன் அந்த வேனை ஓட்டிட்டு மேட்டுப்பாளையம் எறங்கி ஏறுவான். பதினாலு கொண்டை ஊசி. கிளட்சு போயிருச்சுன்னு இங்க கொண்டாந்து நிறுத்தினான். கழட்டிப் பாத்தேன். கிளட்சு தேஞ்ச மாதிரிதான் தேஞ்சிருந்துச்சு, ஆனா டயரு நாலும் ஒரே மட்டமாத் தேஞ்சிருந்துச்சு. இந்த ரோட்டுல எவன் ஓட்டினாலும் வெளிப்பக்கம்தான் மொதல்ல போகும். இவன் வளைவை எப்படி எடுக்கறான்னு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து போனேன். பர்லியாறு வரைக்கும் அவன் கையையும் காலையும்தான் பாத்துட்டுப் போனேன். எறங்கி நேரா பாய்கிட்டப் போனேன். இவனை வேன் ஓட்டச் சொல்லாதீங்க, வீணுன்னு சொன்னேன்.

அப்பறம் ஒரு பழைய எஸ்டீம் காரு வாங்கினாரு. ஊரு பூரா நக்கல். டூரிங் காருன்னா டூரிஸ்ட்டு காருன்னு நெனச்சுட்டானுங்க. கடைக்கு வந்து ஊட்டிக்கு சவாரி வருமான்னு கேக்கறான். ரோட்டுல ஓடற அதே காருதாம்ப்பா, சீட்டைக் கழட்டிட்டு இரும்புக் கூண்டு வெச்சு ஓட்டறதுன்னு பாய் ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. கடைசியில டீத்தூள் வேணும்னா சொல்லு, இல்லாட்டி நடையக் கட்டுன்னுட்டாரு.

விடுங்க. அடுத்தது.

ரெண்டாயிரத்தி பத்து, சரி. பதினொண்ணு, சென்னையில ரெண்டாவது ரேஸு. எஞ்சின் கோளாறுன்னு போட்டிருக்கீங்க. எந்த மடையன் எழுதினது? என் எஞ்சின் ஒம்பது வருசத்துல ஒரு நாளு நின்னதில்ல. கிளட்சு ஒயரு அந்துச்சு. மாத்துங்க. எழுதுங்க, நான் பாக்கறேன்.

ம்.

பன்னெண்டு. மொத ஜெயம். அந்த வருசப் போட்டியில நாலாவது ரவுண்டு. சரி. அன்னிக்குத்தான் எல்லாரும் இவனைத் திரும்பிப் பாத்தாங்க. ஸ்ட்ரெயிட்டு முடிஞ்சு வளைவு வர்ற எடத்துல நூறு மீட்டர், அம்பது மீட்டருன்னு போர்டு இருக்குமில்ல. எல்லாரும் நூறுல பிரேக்கை மிதிச்சா இவன் எழுவதுல மிதிப்பான். பாக்கறவனுக்குக் கார் நிக்காதுன்னு தோணும். நிக்கும். நான் பாத்துப் பாத்து வெச்சிருந்தேன், நிக்கும். மேஸ்திரி கை வெச்ச பிரேக்குன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவான்.

அது பெருமையில்லீங்க. நடந்தது அது.

பதிமூணு. மழை ரேஸு. இதை வெறும் ஒண்ணுன்னு போட்டு விட்டுட்டீங்க. ஒண்ணாவதுதான். எத்தனை செகண்டு வித்தியாசம்? அது எழுதறதில்லையா. இருவத்திரெண்டு செகண்டு. சென்னையில அப்படி ஒரு மழை. மத்தவனெல்லாம் புல்லுல போய்ப் படுத்துட்டான். ஒருத்தன் கார் பின்பக்கமாவே ஒரு வளைவு எடுத்துச்சு. இவன் எறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழட்டிட்டு என்ன சொன்னான் தெரியுமா? எதுக்கு மேஸ்திரி எல்லாரும் பதறறாங்க, நம்மூருல செவ்வாக்கெழமை இப்படித்தானே இருக்கும்னான். அதை ஒரு பேப்பருல போட்டாங்க. பாய் வெட்டி எடுத்து கடையில ஒட்டி வெச்சாரு. ஈரத்துல உரிஞ்சு போச்சு.

பதினாலு. இங்க ஒண்ணு சாஸ்தியா இருக்கு. மூணாவது ரவுண்டு அவன் ஓட்டவே இல்ல. கெளம்பற கட்டத்துல கொண்டு போய் நிறுத்தினோம், பச்சை வெளக்கு எரியறதுக்குள்ள பெட்ரோல் பம்ப்பு செத்துப் போச்சு. தள்ளிட்டு வந்தோம். கிளம்பாத ரேஸை ரேஸுன்னு கணக்குல எடுப்பீங்களா? மாட்டீங்கல்ல. அப்ப மொத்தம் நீங்க போட்ட எழுவத்தஞ்சு இல்ல. எழுவத்திநாலு. ஜெயிச்சது பதினொண்ணு, அது சரி. சாம்பியன்ஷிப்பு சைபர். அதுவும் சரிதான்.

யோவ் ஒச்சப்பா, மழையில எதுக்கு நிக்கற? வண்டி நாளைக்குத்தான்னு சொன்னனில்ல. தொரை கேட்டா தொரையையே வரச் சொல்லு. அவரே படுத்து மாட்டட்டும் கியரு பாக்ஸை. போ போ. என்னது? இந்த அம்மிணியா? பொண்ணு பாக்க வந்திருக்கு எனக்கு, போய்யா.

எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டறவன். வாயாடி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

எங்க விட்டோம். பதினஞ்சு. ரெண்டாமிடம், சாம்பியன்ஷிப்பு ரெண்டு பாயிண்டுல போச்சு. பாருங்க, நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க, ரெண்டு பாயிண்டுல விட்டான்னு. எப்படி விட்டான்? கடைசி ரேஸுல முன்னால போயிட்டிருக்கான். மூணாவது வளைவுல ஒரு கார் கவுந்து கெடந்துச்சு. மஞ்சக் கொடி காட்டிட்டாங்க. கொடி காட்டினா காலை எடுக்கோணும், அதுதான் சட்டம். மத்தவனெல்லாம் எடுத்த மாதிரி காட்டுவான், எடுக்க மாட்டான். இவன் நெசமாவே எடுத்தான். கொடி பிடிச்சு நிக்கறவன் பக்கத்துல போறப்ப சைக்கிள் வேகத்துல போனான். பின்னால வந்தவன் அப்படியே ஒட்டிட்டு வந்து, கொடி தாண்டினதும் அடுத்த வளைவுல உள்ள பூந்து போயிட்டான். நான் திட்டின திட்டு இருக்கே. எதுக்குடா அவ்வளவு கொறைச்சேன்னு. அங்க மனுசன் நிக்கறான் மேஸ்திரின்னான்.

அவ்வளவுதான் சொன்னான்.

கொடி பிடிக்கறவங்களை எல்லாம் பேரு சொல்லித்தான் கூப்பிடுவான். மத்த டிரைவருங்களுக்கு அவங்க மூஞ்சியே தெரியாது. வெயில்ல பொழுதுக்கும் நிக்கறவங்க. காசு பணம் ஒண்ணுமில்ல, ஆசைக்கு வர்றவங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் பாய் கடையில இருந்து அரைக்கிலோ தூள் பாக்கெட்டு நாப்பது அம்பது கட்டி எடுத்துட்டு வந்து ஆளுக்கு ஒண்ணு குடுப்பான். அதுல ஒருத்தருதான் ரிஜோ. பாலக்காட்டுக்காரரு. கோயமுத்தூருல ஒரு மில்லுல சூப்பர்வைசரு. நாப்பதுக்குக் கிட்ட வயசு, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஞாயித்துக்கெழமை லீவை எல்லாம் டிராக்குலதான் செலவு பண்ணுவாரு. உங்க தூளுல சாயம் இருக்கு, வாசனை இல்லைன்னு தவ்பீக்கை வம்புக்கு இழுப்பாரு. பாலக்காட்டுக்காரனுக்கு டீயைப் பத்தி என்ன தெரியும்னு இவன் திருப்பிக் குடுப்பான். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான். எனக்குச் சலிச்சுப் போச்சு கேட்டு.

பதினாறு, சரி. ஒண்ணும் தப்பில்ல.

பதினேழு.

டீ குடிக்கறீங்களா? தவ்பீக்கு ஊட்டுல ஆபிதா குடுத்துச்சா காலையில. அப்ப வேண்டாம். இங்க வாங்கற டீ நல்லா இருக்காது.

பஸ்ஸு எத்தனை மணிக்கு? நாலுக்கா. நேரம் இருக்கு. நிறைய இல்ல, இருக்கு.

பதினேழுல அஞ்சு ரவுண்டு முடிஞ்சு அவன்தான் மொதல்ல. ஆறாவது ரவுண்டு கோயமுத்தூருல. சனிக்கெழமை ஒரு ரேஸு, ரெண்டாவதா வந்தான். ஞாயித்துக்கெழமை கடைசி. அஞ்சாவதா முடிச்சாக்கூடச் சாம்பியன். பாய் ஒரு பஸ்ஸு பிடிச்சு மார்க்கெட்டுல பாதிப் பேரை எறக்கிட்டாரு. மட்டன் பிரியாணி ரெண்டு அண்டா. ஜெயிச்ச பின்னாடிதான் தொறக்கோணும்னு மூடியில ஈர மாவைப் பூசி ஒட்டி வெச்சிருந்தாரு.

ஒம்பதாவது சுத்து. அவன் மொதல்ல. நான் சுவத்தோரம் போர்டு பிடிச்சுட்டு நிக்கறேன். அவனுக்கும் பின்னால வர்றவனுக்கும் எத்தனை செகண்டுன்னு போர்டுல காட்டோணும். மூணை எடுத்துட்டு நாலைச் சொருகினேன். நிமிந்து பாத்தா எல்லாரும் ஓடறாங்க. நான் ஓடல. போர்டைத் தூக்கிப் பிடிச்சுட்டே நின்னேன். கார் வரட்டும், காட்டலாம்னு. எவ்வளவு நேரம்னு தெரியல. ஒருத்தர் வந்து கையில இருந்து வாங்கினாரு.

கார் திரும்பலைங்க. ஸ்ட்ரெயிட்டு முடிஞ்சு நேராப் போயிருச்சு. டயரு அடுக்கி வெச்ச செவரு மேல ஏறி அந்தப் பக்கம் விழுந்துச்சு. அந்தப் பக்கம் ரிஜோ நின்னாரு.

ஆம்புலன்ஸு ஏத்தறப்ப உசுரு இருந்துச்சு. போற வழியில போயிருச்சு.

தவ்பீக்குக்கு ஒண்ணுமில்ல. கை மட்டும் ஒடிஞ்சுது. அவனாவே கதவை ஒதைச்சு வெளிய வந்து, ஒடிஞ்ச கையோட ரிஜோ தலையை மடியில வெச்சிருந்தான். நான் போறப்ப அப்படித்தான் உக்காந்திருந்தான்.

அதெல்லாம் உங்க புஸ்தகத்துக்கு வேண்டாம். வேண்டாம்னு தெரியும். சொல்றேன், கேளுங்க.

ஒண்ணரை மணி நேரங்கழிச்சு விசாரணை. ஒரு ரூமு, மூணு பேரு, ஒரு ஃபேனு. தவ்பீக்கு கையில கட்டோட வந்தான். பிரேக்குப் பெடல் உள்ள போயிருச்சுங்கன்னான். மிதிச்சேன், காத்தை மிதிச்ச மாதிரி இருந்துச்சு, தரையத் தொட்டிருச்சுன்னான். ரெண்டாவது மிதிக்கறதுக்குள்ள செவரு வந்திருச்சுன்னான். அந்த மூணு பேரும் ஏற்கெனவே காரைப் பாத்துட்டு வந்துட்டாங்க. பெடலை ஆளுக்கு ஒரு தடவை மிதிச்சிருக்காங்க. கல்லாட்டம் நின்னிருக்கு. ஆயில் ஒழுகல, பைப்பு ஒடையல. ஒரு கொறையும் இல்ல. நீ எப்பவுமே லேட்டா மிதிக்கற ஆளுதானப்பான்னாங்க. அதுவும் பொய்யில்லையே.

அப்பறம் எம்பக்கம் திரும்பினாங்க. காலையில பிரேக்கு வேலை பாத்தது யாரு? நான்தானுங்க. எல்லாம் சரியா இருந்துச்சா? இருந்துச்சுங்க. போட்டதெல்லாம் புதுசுதானே? புதுசுதானுங்க.

தவ்பீக்கு என்னைப் பாத்தான்.

மொறைக்கலைங்க. சும்மா பாத்தான். எங்கப்பன்கிட்ட மணி என்னன்னு கேட்டா அவரு சொன்னதும் நான் தலையாட்டுவேன் பாருங்க, அந்த மாதிரி. பாத்துட்டு அவங்க பக்கம் திரும்பி, மேஸ்திரி சரியா இருந்துச்சுன்னா சரியாத்தான் இருந்திருக்கும், நான்தான் லேட்டா மிதிச்சிருக்கேன், எழுதிக்கோங்கன்னான்.

எழுதிக்கிட்டாங்க. அதுதான் நீங்க கையில வெச்சிருக்கற வரி. எழுவத்திநாலாவது ரேஸு, முடிக்கல, ஓட்டுநர் தவறு, பணியாளர் ஒருத்தர் மரணம்.

மூணு வருசம் லைசென்ஸை நிறுத்தி வெச்சாங்க. மூணு வருசம் முடிஞ்சும் அவன் போய்க் கேக்கல. போலீஸ் கேஸு இழுத்துக்கிட்டுப் போய் ஒரு வழியா முடிஞ்சுது. காரைப் பாய் எடைக்குப் போட்டாரு. இப்ப அவன் ஸ்கூல் வேன் ஓட்டறான், பாத்திருப்பீங்க. ஊட்டியில காந்தல் பக்கம் ஒரு ஸ்கூலுல இருந்து வந்து கூப்பிட்டாங்க, ஊட்டி வேண்டாம்னு இங்கயே சேந்துட்டான். எவ்வளவு வேகம் போவான்னு நெனைக்கறீங்க? இருவது. எறக்கத்துல பதினஞ்சு. பின்னால ஆட்டோக்காரன் ஹாரனை அடிச்சே செத்துப் போவான். வேனுக்குள்ள இருக்கற வாண்டுங்க அவனுக்கு ஆமை அங்கிள்னு பேரு வெச்சிருக்குதுங்க. பதினோரு ரேஸு ஜெயிச்சவனை. அவன் சிரிச்சுக்குவான்.

வருசா வருசம் அந்தத் தேதியில பாலக்காட்டுக்குப் போவான். ரிஜோ ஊட்டுக்கு. அவரு சம்சாரம் கதவைத் தொறக்காது. ஒரு தடவை தொறந்துச்சு, தொறந்து பாத்துட்டுச் சாத்திருச்சு. இவன் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு வருவான். நானும் கூடப் போவேன். தெருமொனையில வண்டியில உக்காந்திருப்பேன். எறங்க மாட்டேன். எறங்குன்னு அவனும் சொன்னதில்ல. உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி இந்த அலைச்சலுன்னுதான் கேப்பான்.

மொதல்ல எல்லாம் பெடல் உள்ள போன கதையை எங்கிட்ட மட்டும் எப்பவாச்சும் சொல்லுவான். கனாவுல வருது மேஸ்திரின்னுவான். அப்பறம் அதையும் விட்டுட்டான். போன வருசம் நானா வாயைப் பிடுங்கினேன். என்னடா, அந்தப் பெடலுன்னேன். இல்ல மேஸ்திரி, நான் மிதிக்கவே இல்லைன்னு நெனைக்கறேன், பயத்துல மிதிச்ச மாதிரி தோணியிருக்குன்னான். அவன் காலே அவனுக்குப் பொய்யாப் போச்சு.

என்னங்க?

ஆமா, அவன்தான் ஒத்துக்கிட்டான். அவன்தான் கையெழுத்தும் போட்டிருக்கான். நான் இல்லைங்கல.

இல்ல, அவன் மேல பாவப்பட்டு நான் மாட்டேங்கறேன்னு நெனைக்காதீங்க. பாவம் பாக்கற ஆளு நானில்ல.

நான் போடாட்டி என்ன ஆகும்? புஸ்தகம் நிக்குமா?

நிக்காதா.

அவன் கையெழுத்து ஒண்ணே போதுமா. எம்பேருக்கு நேரா காலியா விட்டுட்டு அச்சடிச்சிருவாங்களா.

ஓ.

அது தெரியாமப் போச்சு எனக்கு. நான் போடாம இருந்தா அந்த வரி வராதுன்னு நெனச்சுட்டிருந்தேன். நேத்து நீங்க போன் பண்ணினதுல இருந்து அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்.

சித்தெ இருங்க. எந்திரிக்காதீங்க. பஸ்ஸு எங்க போகுது, ஸ்டாண்டு அஞ்சு நிமிச நடை. தாளை எடுங்க. எழுதிக்கோங்க.

பிரேக் ஆயிலு பழசு.

ஆமா. எழுதுங்க. பழைய டப்பா. தொறந்து ஆறு மாசமான டப்பா.

அதுக்கு என்னவா? அம்மிணி கிளப்புல இருக்கீங்க, இது தெரியாதா? பிரேக் ஆயிலு ஈரத்தைக் குடிக்கும். மூடியைத் தொறந்தா போதும், காத்துல இருக்கற தண்ணியை உள்ள இழுக்கும். குன்னூருல மழைக்காலத்துக் காத்துல என்ன கொறைச்சல் தண்ணிக்கு? தொறந்ததை மீதி வெக்காம கீழ கொட்டிரோணும்னு டப்பாவுலயே போட்டிருப்பான். இந்த மலையில ஒரு மெக்கானிக்கும் கொட்ட மாட்டான். மூடி வெச்சு அடுத்த வண்டிக்கு ஊத்துவான். நானும் நாப்பது வருசம் அப்படித்தான். ஒரு வண்டிக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஏன் ஆகலைன்னா, எங்காளுங்க பிரேக்கை மிதிச்சு மலை எறங்க மாட்டாங்க. செகண்டு கியருல போட்டு எஞ்சினைப் பிடிச்சு எறங்குவாங்க. பிரேக்கு அவ்வளவு காயாது. டிராக்குல அப்படியா? ஒம்பது சுத்துல பிரேக்குத் தட்டு செவசெவன்னு காஞ்சு கெடக்கும். ஆயிலுக்குள்ள இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியாயிரும். ஆவியை மிதிச்சா பிரேக்குப் பிடிக்குமா? பெடல் தரையைத்தான் தொடும். ஆறிட்டா மறுபடி சரியாயிரும். ஒண்ணரை மணி நேரம் கழிச்சு மூணு பேரு இல்ல, முப்பது பேரு மிதிச்சாலும் கல்லாட்டம்தான் நிக்கும்.

அவன் சரியாத்தான் மிதிச்சான். எழுவது மீட்டருல. எப்பவும் மிதிக்கற எடத்துல.

ஒம்பது வருசமும் டிராக்குக்குப் புது டப்பாதான் கொண்டு போனேன். அன்னிக்கும் ரெண்டு புதுசு வாங்கி வெச்சிருந்தேன். இதா இந்த அலமாரியில விட்டுட்டு எறங்கிட்டேன். ஞாயித்துக்கெழமை காலையில பிரேக்குக் கட்டையை மாத்தி ஆயில் பைப்புல காத்து எடுக்கறப்பத்தான் பாக்கறேன், டப்பா இல்ல. பக்கத்து டீம்ல கேட்டிருந்தா சந்தோசமாக் குடுத்திருப்பானுங்க. நான் கேக்கல. யாருகிட்டயும் போய்க் கை நீட்டற வழக்கம் எனக்கு இல்ல. பெட்டியடியில ஒண்ணு கெடந்துச்சு, எஸ்டேட்டு ஜீப்புக்கு சித்திரையில தொறந்தது. பாதிக்கு மேல இருந்துச்சு. ஊத்தினேன்.

விசாரணையில கேக்கறப்பத் தெரியும். காத்தை மிதிச்ச மாதிரின்னு அவன் சொன்ன ஒடனே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் புதுசுன்னேன்.

ஏன்னா கேக்கறீங்க. தெரியலைங்க. வாயில வந்துச்சு.

எட்டு வருசமா? எப்படின்னு என்ன சொல்றது. காலையில எந்திரிப்பேன், ஷெட்டைத் தொறப்பேன், எவனாவது ஒரு வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவான். அப்படித்தான்.

பாய்க்குத் தெரியாமயே போயிட்டாரு.

அழுகாதீங்க. அழுகறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. எழுதினதைப் படிங்க. ஓட்டுநர் தவறுங்கறதை அடிச்சாச்சா? நல்லா அடிங்க, தெரியற மாதிரி இருக்கக் கூடாது. மெக்கானிக்கு தவறு. பழைய பிரேக் ஆயிலு. பேரு கா. பழனியாண்டி. எங்க போடோணும், இங்கயா?

அந்த மூணு பேருக்கும் கடுதாசி எழுதோணும்னா எழுதிக் குடுக்கறேன். போலீஸுக்கும். ரிஜோ சம்சாரத்துக்குத் தனியா. அதெல்லாம் நாளைக்கு. நீங்க கெளம்புங்க, மழை விட்டிருக்கு.

வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம். அவனுக்கு நான் சொல்லிக்கறேன். நாலரைக்குக் கொழந்தைங்களை எறக்கி விட்டுட்டு நேரா இங்கதான் வருவான். மாசக் கடைசி இல்லைங்களா இன்னிக்கு. வேன் பிரேக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லுவான். வேற எவன் கையும் அதுல பட விட மாட்டான்.